அந்தப் பக்கத்துக் கிளட்ச்

“அக்கா, இங்க வந்து கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஒரு அதிசயம் காட்டறேன்” என்று காருக்குள்ளிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தபோது, கிளட்சம்மா பட்டறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தலையும் டார்ச்சும் டாஷ்போர்டுக்கு அடியில். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அதற்கு இரண்டு கிளட்ச். ஓட்டக் கற்பவரின் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற கிளட்சம்மாவின் காலடியில் இன்னொன்று. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. இவள் மிதித்தால் அதுவும் கீழே போகும். இவள் பிடித்துவைத்திருந்தால் அதுவும் மேலே வராது. மெக்கானிக் டார்ச்சை முதலில் அந்தப் பக்கம் அடித்தான். பெடல் ரப்பரின் வரிகள் இன்னும் நகத்தில் தட்டுப்படும்போல இருந்தன. பிறகு இந்தப் பக்கம் அடித்தான். ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஒரு மூலையில் இரும்பே வெளியே வந்திருந்தது.

“ரெண்டையும் ஒரே நாள்ல நான்தான் மாத்தினேன், ஞாபகம் இருக்கா? லைசென்ஸ் அவங்களுக்கு, தேய்மானம் உங்களுக்கா? உண்மையில இந்த வண்டிய ஓட்டறது யாரு, அக்கா?”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எதற்கும் முதலில் சிரித்துவைப்பது கிளட்சம்மாவின் வழக்கம், அவளும் சிரித்தாள். புது ரப்பரைப் போட்டுக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

கிளட்சம்மா என்பது வைத்த பெயர் இல்லை, வாங்கிய பெயர். அவளிடம் கற்றுக்கொண்டால் வண்டி குலுங்காது என்று ஊரில் ஒரு பேச்சு. மற்ற ஸ்கூல் கார்கள் தவளைபோலத் தாவித் தாவிப் போகும்போது, இவளுடைய கார் முதல் வாரத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மிதித்த காலும் அந்த ஜாதிதான். அவளுடைய இடது கால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் மிதிக்கும், பேங்க் வரிசையில் மிதிக்கும், டிவியில் யாராவது கார் ஓட்டினால் சோபாவிலிருந்தபடியே மிதிக்கும். தூக்கத்திலும் விடாது. அவள் புருஷன், கடைத்தெருவில் தையல்காரர், காலையில் எழுந்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, “நேத்து ராத்திரி என்னை எத்தனாவது கியர்ல ஓட்டின?” என்று கேட்பார். அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கிப் போனவர்கள் ஒரு மாதம் கழித்துப் போன் செய்வார்கள். “மேடம், உங்க வண்டி தங்கம் மேடம். எங்க வண்டி குதிக்குது. வண்டியே சரியில்ல போல.” ஒரு பல் டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போய், இருந்த காரை விற்றுவிட்டு வேறு வாங்கினார். இதையெல்லாம் கிளட்சம்மா தன் காருக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு பக்கெட் தண்ணீர் கூடுதலாக ஊற்றி அதைக் கழுவுவாள்.

இப்போது அந்தப் பல் டாக்டரை நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. போகட்டும், அவருக்கென்ன, பல்லைப் பிடுங்கி இன்னொரு கார் வாங்கிக்கொள்வார். இப்போது கவலை அதுவல்ல. திங்கட்கிழமை மகள் மலைக்குப் போகிறாள். இன்றைக்குச் சனிக்கிழமை.

மகள் கால்நடை மருத்துவர். படித்து முடித்துக் கையில் உத்தரவு வந்த அன்றே தையல்காரர் அவளுக்கு ‘மாட்டு டாக்டர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டார். வேலை மலைமேல். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே ஏற்றமும் வளைவும்தான், சமதளம் என்று பார்த்தால் ஆஸ்பத்திரி முற்றம் மட்டும். டிரைவர் கிடையாது. பழைய வேன் ஒன்று இருக்கிறது, டாக்டரே ஓட்டிக்கொள்ள வேண்டும். மகள் லைசென்ஸ் எப்போதோ வாங்கியதுதான். சமதளத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி வாங்கி, பையில் போட்டு வைத்திருந்தது. இந்த ஒரு மாதமாகத்தான் சாயங்காலம் தோறும் அம்மாவோடு தண்ணீர்த்தொட்டி மேட்டில் பழகிக்கொண்டிருக்கிறாள். “பூனை, நாய்க்கு வைத்தியம் பாக்கற டாக்டருங்கல்லாம் டவுன்லயே இருக்காங்களே” என்று கிளட்சம்மா காய் நறுக்கிக்கொண்டே ஒருநாள் காற்றில் சொல்லிப் பார்த்தாள். “பூனை என்னைப் பாத்தா ஓடுதும்மா. மாடுதான் நிக்குது” என்றாள் மகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலமும் மூவரும் கிளம்பினார்கள். தையல்காரருக்குப் பின் இருக்கை. அவருக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. சட்டைக் காலரில் செருகியிருக்கும் ஊசியை எடுத்து, கொஞ்சம் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து, வண்டி கிளம்புகிற நேரத்தில் கோர்ப்பார். கோர்த்துவிட்டால் மகள் பாஸ். விரலில் குத்தினால் பெயில். ஆரம்பத்தில் கேலியாகத் தொடங்கி, பிறகு அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. மேட்டுக்குப் போகும் சாலை ஒரு பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி ஏறி, தொட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப்புறம் இறங்கும். ஏற்றத்தின் பாதியில் மகள் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூச்சை உள்ளே வாங்கினாள்.

கிளட்சம்மா தன் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். இன்றைக்கு மிதிக்கப்போவதில்லை. பார்த்துவிடலாம்.

மகள் கியரைப் போட்டாள். எஞ்சின் உறுமிற்று. கிளட்சை விடும்போது ஓரிடத்தில் வண்டி லேசாக நடுங்கும். அங்கே காலைப் பிடித்து ஒரு நொடி நிற்கத் தெரிந்தவன்தான் டிரைவர். அந்த நடுக்கம் பாதத்தில் ஏறியபோதுதான் கிளட்சம்மா குனிந்து பார்த்தாள். கால் இருக்கைக்கு அடியில் இல்லை. புது ரப்பரின் மேல், நடுக்கம் வருகிற அதே இடத்தில், பூப்போல உட்கார்ந்திருந்தது. எப்போது போயிற்று? சத்தியமாக அவளுக்குத் தெரியாது. எடுக்கலாம் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி பின்னால் உருளும், பின்னால் ஒரு சைக்கிள்காரன் நின்றிருந்தான். வண்டி ஏறிற்று. ஒரு சின்ன உதறல்கூட இல்லை.

“கோத்தாச்சு!” என்று பின்னாலிருந்து தையல்காரர் ஊசியைத் தூக்கிக் காட்டினார். “மாட்டு டாக்டர் பாஸ். இனிமே வேன்ல பால் குடத்தோட மாட்டையும் ஏத்திக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது.”

மகள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். “அம்மா, எனக்கு இப்ப பயமே இல்லம்மா. காலுக்குத் தானா வருது.” அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிளட்சம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “ம், நல்லா வருது” என்றாள்.

அந்த ராத்திரி அவள் கால் மிதிக்கவில்லை, ஏனென்றால் அவள் தூங்கவேயில்லை. சொல்லாவிட்டால், திங்கட்கிழமை ஏதோ ஒரு வளைவில், பின்னால் லாரியும் பக்கத்தில் பள்ளமுமாக, அந்தப் பெண் காலை எடுக்கும்போது பிடித்துக்கொள்ள இன்னொரு கால் இருக்காது. சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் ஒரு மாதத்துச் சந்தோஷமும் ஒரே வார்த்தையில் போய்விடும். பயந்துபோய், வேண்டாம், நான் டவுனிலேயே பூனைக்கு ஊசி போடுகிறேன் என்று மகள் உட்கார்ந்துவிடலாம். நினைப்பு இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு குபுக்கென்று துள்ளியது. துள்ளியது பயத்தால் இல்லை. ஆசையால். அதைக் கண்டுகொண்டபோது கிளட்சம்மாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெற்ற மனம் பித்து என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் பித்துக்குக் கணக்காக வேலை செய்யத் தெரிந்திருக்கிறதே, அதுவும் இடது காலால்!

காலையில் காப்பியைக்கூடக் குடிக்காமல் பட்டறைக்குப் போனாள். மெக்கானிக்கின் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. பல் தேய்க்கும் பிரஷ் வாயில் இருக்க அவன் வெளியே வந்தான்.

“என் பக்கத்துக் கிளட்ச்ச கழட்டிவிடு.”

“ஞாயித்துக்கிழமை காலைல வந்து வைராக்கியமா?” என்று கேட்டவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போனான். கேபிளைக் கழற்றியதும் இவள் பக்கத்துப் பெடல் தரையில் தொப்பென்று படுத்துவிட்டது. “பிரேக்ல கை வைக்க மாட்டேன்க்கா, அது இருக்கட்டும்” என்றான். இருக்கட்டும் என்றாள். கழற்றும்போது அவன் சும்மா இருக்காமல், “நீங்க கால எடுத்துட்டா ஸ்கூல்ல பாதிப் பேர் பெயிலாயிடுவாங்களே” என்றான். இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம்வரை சொல்லவேண்டும் சொல்லவேண்டும் என்று வீட்டுக்குள் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பெட்டியில் ரப்பர் பூட்ஸை எப்படி அடக்குவது என்று தரையில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தபோதெல்லாம் கிளட்சம்மாவுக்கு, “சோப்பு வெச்சியா?”, “போர்வை போதுமா?” என்றுதான் வந்தது.

மேட்டின் பாதிவரை அன்றைக்குக் கிளட்சம்மாவே ஓட்டிவந்து நிறுத்தி, மகளோடு இடம் மாறி உட்கார்ந்தாள். தையல்காரர் நூலைக் கடித்துத் தயாரானார். “பெடல் என்னமோ லேசா இருக்கே” என்றாள் மகள். கிளட்சம்மா இரண்டு கைகளாலும் தன் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மகள் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தாள்.

வண்டி முட்டவந்த மாடுபோல முன்னால் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, மூக்கில் அடித்த மாதிரி நின்றது. எஞ்சின் அணைந்தது. அடுத்த கணம் பின்னால் உருள ஆரம்பித்தது. கிளட்சம்மா பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஒரு லாரி ஹார்னை அழுத்திவிட்டு எடுக்கவே இல்லை. “ஸ்ஸ்” என்று தையல்காரர் விரலை வாயில் வைத்தார். மகள் மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடி பாய்ச்சல், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறையும் அதேதான். லாரிக்காரன் தலையை நீட்டி ஏதோ திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு ஏறிப்போனான்.

“வண்டிய என்னம்மா பண்ணின?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“இதுவா நல்லா இருக்கு? நேத்து எப்படிப் போச்சு! மெக்கானிக் எதையோ கெடுத்து வெச்சிருக்கான்.”

“நேத்து ஓட்டினது நான்” என்றாள் கிளட்சம்மா. சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. ரப்பர் தேய்ந்தது, கால் தானாகப் போனது, காலையில் கேபிளைக் கழற்றியது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு குனிந்து, தன் காலால் கிளட்சை மிதித்து, வெடுக்கென்று எடுத்தாள். பெடல் டக்கென்று மேலே வந்து நின்றது. இன்னொரு தடவை மிதித்து எடுத்தாள். டக்.

“நான் எப்பவுமே இப்படித்தாம்மா எடுப்பேன்” என்றாள். குரல் மெலிந்திருந்தது. “கால எடுத்துடுவேன். பெடல் பின்னாடியே மெதுவா வரும். அதுதான் பெடலோட குணம்னு நெனச்சேன். எல்லா வண்டியிலயும் அப்படித்தான் வரும்னு நெனச்சேன்.”

பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப்புறம் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

“அப்ப நாளைக்கு அந்த மலை ரோட்ல நான் என்னதாம்மா பண்றது?”

“போகாத” என்றாள் கிளட்சம்மா.

இதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. கால் எப்படித் தானாகப் பெடலுக்குப் போகுமோ அப்படியே வாயும் போய்விட்டது. மகள் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கிளட்சம்மாவை முதல்முறையாகப் பார்க்கிறவள் மாதிரி, மேலிருந்து கீழே கால்வரைக்கும் பார்த்தாள்.

“அதுக்குத்தானா இத்தனை நாள் மிதிச்ச?”

இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தியம் செய்யக்கூடத் தயார். ஆனால் எதன்மேல் செய்வது? அவளுக்கே தெரியாமல் ஒரு கால் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறது, அதற்கு என்ன எண்ணம் இருந்தது என்று யாரைக் கேட்பாள்?

“இறங்கும்மா” என்று மகள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

“நான் பின்னாடி உக்காந்துக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன்.”

“பின்னாடி உக்காந்தா அங்கேருந்தும் மிதிப்ப. இறங்கு.”

தையல்காரர் தன் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனார். “நீங்க இருங்கப்பா” என்றாள் மகள். “உங்களுக்கு எது கிளட்ச், எது பிரேக்குன்னே தெரியாது. நீங்கதான் வேணும்.”

“அது வாஸ்தவம்” என்று தையல்காரர் திரும்ப உட்கார்ந்தார். மனைவி இறங்கும்போது ஜன்னல் வழியாக அவள் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கும் பயம்தான், நூல் நுனியை எச்சில் படுத்துகிறேன் என்று நாலு தடவை நனைத்துவிட்டார்.

கிளட்சம்மா கீழே நடந்துவந்து, அடிவாரத்தில் மதிலோரம் சரளைக்கல் மேல் நின்றாள். தன் கார் ஓடுவதை வெளியிலிருந்து பார்ப்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது. எத்தனை சின்னக் கார்! மகள் வண்டியைப் பின்னால் உருட்டி, அவளருகே அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து எடுத்தாள். பாய்ந்தது, நின்றது. எடுத்தாள். பாய்ந்தது, நின்றது. ஒவ்வொரு முறையும் கிளட்சம்மாவின் இடது கால் சரளையை அழுத்திற்று. ‘மெதுவா விடு, அங்கயே பிடி, பிடிடி’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அந்தக் காருக்குள் எங்கே கேட்கப்போகிறது? ஒருமுறை ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடலாம் என்று நாலடி வைத்துவிட்டு, மகளின் முகவாய் இருந்த இருப்பைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பளபளவென்று ஒரு கார் அவள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. பல் டாக்டர். “என்ன மேடம், உங்க வண்டியும் மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு டாக்டர்” என்றாள் கிளட்சம்மா. “உங்க பழைய வண்டியும் நல்லாத்தான் இருந்திருக்கும்.”

அவர் இதை நல்ல ஜோக் என்று எடுத்துக்கொண்டு, வரிசைப் பற்கள் தெரியச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன புழுதி அடங்கியபோது கார் ஏறிக்கொண்டிருந்தது. உதறி உதறி, இருமலோடு மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி ஏறி, மேட்டின் தலைக்குப் போய், தொட்டியின் மறைவில் இல்லாமல் போயிற்று. கிளட்சம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் சத்தம் தொட்டியைச் சுற்றிப் போவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஐயோ, அந்தப்புறம் இறக்கம் செங்குத்தாயிற்றே! யாரிடமோ சண்டை போடுகிறவள்போலப் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். பந்து விளையாடிய பிள்ளைகள் மதிலுக்கு மேலே தலை நீட்டி, இந்தப் பெரியம்மா ஏன் ஒற்றைக்காலால் தரையை உதைக்கிறாள் என்று வேடிக்கை பார்த்தார்கள்.

கீழ்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு கார் மறுபடி வந்தது. அவளைக் கடந்துபோகும்போது மகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றத்தின் பாதியில், லாரிக்காரன் திட்டிய அதே இடத்தில் போய், வேண்டுமென்றே நிறுத்தினாள். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. வெகுநேரம் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே அவள் என்ன செய்கிறாள், அழுகிறாளா, கியரைத் தேடுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. மேட்டின் தலையிலிருந்து சாயங்காலச் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. கிளட்சம்மா கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது, அங்கேயே ஒரு கணம் தயங்கியது, ஏறத் தொடங்கியது. குதித்ததா, இல்லையா? இங்கிருந்து பார்த்தால் தெரிவதில்லை. குலுங்குவது உள்ளே இருப்பவர்களுக்குத்தானே தெரியும். பின் ஜன்னலிலிருந்து தையல்காரரின் கை வெளியே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ பிடித்தபடி மேலே உயர்ந்து நின்றன. ஊசிதான். அதில் நூல் இருந்ததா என்று கிளட்சம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். கார் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அவளுடைய இடது கால் சரளைக்கு மேலே, வைக்க இடம் தெரியாமல், தூக்கியபடியே இருந்தது.